தூரத்தையும் கணக்கிடுவோம்

பிரான்ஸ் நாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் ஒன்று நடைபெறுகின்றது. பாரிஸ் பக்கத்திலிருந்து புறப்பட்டு, மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பவேண்டும். ஏறத்தாழ 1,200 கி.மீ. கூடிய நேரம் 90 மணித்தியாலம். 1891இல் இது பந்தயமாகவே தொடங்கியது. இன்று பந்தயமல்ல. முதலாமிடம், இரண்டாமிடம் என்பது கிடையாது. நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர் யாவரும் சமம். பங்குகொள்ள விரும்புவோர் முதலில் 200, 300, 400, 600 கி.மீ. ஓட்டங்களை முடித்துக் காட்டவேண்டும். சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களிலும் இவ்வோட்டங்கள் நடைபெறுகின்றன. 2019இலும் 2023இலும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் பிரான்ஸ் சென்று இதில் கலந்துகொண்டனர்.

இந்தச் செய்தி கிரானில் உள்ள எமக்கு எதற்கு? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இடம்பெயர்ந்து பிரதான வீதியோரம் குடியிருக்கும் ஒருவருடைய வட்டை குடும்பிமலைப் பக்கம் 25 கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போய்வர 50 கி.மீ. கிழமையில் ஆறு நாள் போனால் 300 கி.மீ. நான்கு கிழமையில் 1,200 கி.மீ. பிரான்சில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஓடும் தூரத்தை அவர் ஒரு மாதத்தில் ஓடி முடிக்கிறார். கரியரில் உரப்பை, பாரில் மண்வெட்டி, கிரவல் வீதி, பொழுதுபட்டால் யானைப் பயம். அவருக்குப் பதக்கமும் இல்லை, பதிவும் இல்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். அங்கே ஓடுபவர் தாமாக விரும்பி ஓடுகிறார். வழிநெடுக உள்ள நிலையங்களில் அட்டையை நீட்டினால் முத்திரை குத்துவார்கள். சாப்பிடவும் படுக்கவும் இடமுண்டு. போர்க்காலத்தில் நாமும் அட்டையை நீட்டினோம். அது அடையாள அட்டை. செங்கலடி கறுப்புப் பாலத்தில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவர்கள் நம்மிடையே பலர். 2007இல் படுவான்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வெளியேறியபோதும் பலருக்கு மிஞ்சியது சைக்கிளும் அதில் கட்டிய பொருளுமே. அந்த ஓட்டத்துக்கு முடிவிடம் எதுவென்று ஒருவரும் எமக்குச் சொல்லவில்லை.

ஆகையால், "எங்கள் மக்கள் எதையும் தாங்குவார்கள்" என்று மேடையில் புகழ்வதை நாம் ஏற்கமுடியாது. விரும்பி ஏற்கும் கஷ்டம் ஒருவரை உயர்த்தும். சுமத்தப்பட்ட கஷ்டம் அவரைத் தேய்க்கும். தாங்கும் சக்தியைப் புகழ்ந்துவிட்டு, தாங்கவேண்டிய சுமையை அப்படியே விட்டுவிடுவது நியாயமாகாது.

மீள்குடியேற்ற அறிக்கைகளில் எத்தனை வீடு, எத்தனை மலசலகூடம், எத்தனை கிணறு என்று எழுதப்படுகின்றது. வீட்டுக்கும் வயலுக்கும் இடையே எத்தனை கி.மீ. என்று எழுதப்படுவது அரிது. வீடு கிடைத்தும் வயல் எட்டாமற்போனால் கமக்காரன் கூலிக்காரனாகிவிடுவான். மாரியில் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் சைக்கிளும் பயன்படாது, வள்ளம் வேண்டும். பெரும்போகம் நடப்பதும் அதே மாரியில்தான்.

ஒவ்வொரு கிராமத்திலும் கமக்காரர் அமைப்பும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஒரு கொப்பி போடட்டும். குடும்பம், வயல் இருக்கும் கண்டம், தூரம், கிழமையில் போகும் நாள், வெள்ளத்தால் போகமுடியாத நாள் ஆகியவற்றை எழுதட்டும். பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரத்தையும் சேர்க்கட்டும். அதன் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் கொடுக்கட்டும். வீதி, பாலம், வயலோரத்தில் தங்குமிடம் என்று கேட்கும்போது வெறும் முறைப்பாடாக அல்லாமல் கணக்கோடு கேட்கலாம்.

அந்த ஓட்டக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கங்களும் உண்டு. அவர்கள் தொடக்கத்திலேயே வேகமாக மிதித்துக் களைப்பதில்லை. தாகம் வருமுன் குடிக்கிறார்கள், பசி வருமுன் சாப்பிடுகிறார்கள். இரவில் முன்னும் பின்னும் விளக்கின்றி ஓட அங்கே அனுமதியில்லை. விடியுமுன் வயலுக்குப் புறப்படும் நாமும் பின் மட்காட்டில் ஒளிதெறிக்கும் சிவப்புத் துண்டொன்றை ஒட்டினால் லொறிக்காரர் கண்ணில் படுவோம். அங்கே வழியிலுள்ள கிராமத்தவர் வாசலில் மேசை போட்டு, முன்பின் அறியாதவருக்கும் தண்ணீரும் கோப்பியும் கொடுக்கிறார்கள். வாடியில் வந்தவருக்குச் சோறு போடும் எமக்கு அது புதிதல்ல.

எமது பிள்ளைகளில் ஒருவர் இப்படியான ஓட்டத்தில் சேர விரும்பினால் மகிழ்ச்சியோடு அனுப்புவோம். கால்பலம் அவருக்குப் பரம்பரையாகவே உண்டு. ஆனால் அவர் விரும்பி ஓடட்டும். வயலைத் தேடி வேறு வழியின்றி ஓடும் தூரம் ஆண்டுக்கு ஆண்டு குறையவேண்டும். அதற்கான கொப்பியை இந்தப் போகத்திலேயே தொடங்குவோம்.