கொல்லைக் குட்டையில் குடியேறிய விஷத் தேரை

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலம். இரவு நேரம். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கையில் டார்ச் விளக்குடன் வீட்டுத் தோட்டத்தில் இறங்குகிறார்கள். திருடனையா தேடுகிறார்கள்? இல்லை. தேரையைத் தேடுகிறார்கள்!

ஒரு தேரைக்கு இவ்வளவு அமளியா என்று நீங்கள் கேட்கலாம். இது சாதாரணத் தேரை அல்ல. கரும்புத் தேரை என்று பெயர். தலைக்குப் பின்னால் இரு பக்கமும் விஷச் சுரப்பி உண்டு. இதைக் கவ்விய நாய் செத்துப்போவதும் உண்டு. 2023 ஜனவரியில் கான்வே தேசியப் பூங்காவில் அகப்பட்ட ஒரு தேரை 2.7 கிலோ இருந்தது. பிறந்த குழந்தையின் எடை!

அழைத்து வந்த வினை

இது அந்த நாட்டுப் பிராணியே அல்ல. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்தைச் சேர்ந்தது. குயின்ஸ்லாந்தில் ஒருவகை வண்டு கரும்பை நாசம் செய்தது. அதை ஒழிக்க, 1935-ம் ஆண்டில் ஹவாய்த் தீவிலிருந்து சுமார் 100 தேரைகளைக் கொண்டுவந்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள்.

நடந்தது என்ன? வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது. அதன் புழுவோ மண்ணுக்குள் வேரைத் தின்றது. தேரையால் உச்சிக்கு ஏறவும் முடியவில்லை, வேர்வரை தோண்டவும் முடியவில்லை. வந்த வேலை நடக்கவில்லை. வந்த ஆளும் திரும்பிப் போகவில்லை. 2009-ல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதைத் தின்ற உடும்பும் பாம்பும் நன்னீர் முதலையும் மடிந்தன. அப்படிப்பட்ட விஷத்தை அவை முன்பு கண்டதே இல்லை.

தண்ணீரில்தான் இருக்கிறது தந்திரம்

இரவெல்லாம் அலைந்து 50 தேரையைப் பிடித்தாலும், தப்பிய ஒரு ஜோடி போதும். பெண் தேரை ஒரே தடவையில் 8 ஆயிரம் முதல் 30 ஆயிரம் முட்டைவரை இடும். ஆகவே வேட்டை நடக்க வேண்டிய இடம் புல்தரை அல்ல, கொல்லைப்புறக் குட்டை.

அங்கேதான் சங்கடம். அதே குட்டையில் அந்த நாட்டுத் தவளைகளின் தலைப்பிரட்டைகளும் இருக்கும். மருந்தைக் கொட்டினால் நல்லதும் போகும். முட்டையில் அடையாளம் காண்பது சுலபம். நாட்டுத் தவளையின் முட்டை நுரையாகவோ கொத்தாகவோ கிடக்கும். கரும்புத் தேரையின் முட்டை, கறுப்பு மணிகளைக் கோத்த கண்ணாடிச் சரடுபோல் நீளமாக இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு இழுத்துக் கரையில் காயப் போட்டால் தீர்ந்தது. ஆனால் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடுமே!

பொரித்த பிறகு என்ன செய்வது? சிட்னி, குயின்ஸ்லாந்து பல்கலைக் கழக விஞ்ஞானிகள் 2012-ல் ஒரு வழியை வெளியிட்டார்கள். இந்தத் தலைப்பிரட்டைகளுக்கு ஒரு கெட்ட குணம். தன் இனத்தார் புதிதாக இட்ட முட்டைகளைத் தேடிப்போய்த் தின்னும். முட்டையிலுள்ள விஷத்தின் வாடைதான் வழி காட்டுகிறது. எனவே தேரையின் விஷத்தையே இரையாக வைத்துப் புனல் வாய்ப் பொறியைத் தண்ணீரில் போட்டார்கள். ஒரே குட்டையில், ஒரு வாரத்துக்குள், 40 ஆயிரத்துக்கு மேல் சிக்கின! நாட்டுத் தவளைக் குஞ்சுகள் அந்த வாடையை நாடுவதில்லை.

ஆனால் அரைகுறையாகப் பிடிப்பவர்கள் ஏமாறுவார்கள். கூட்டம் குறைந்ததும், மிஞ்சியவை போட்டியில்லாமல் தின்று, கொழுத்துக் கரையேறும். பிடித்தால் முழுதும் பிடிக்க வேண்டும். தேரை உயரமாகத் தாண்டாது என்பதால், குட்டையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலை கட்டுபவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இதுதான் மலிவான வைத்தியம்.

இப்போது ஜனவரிதோறும் ஊர் ஊராகத் தேரை வேட்டை நடக்கிறது. பிடித்ததை அடித்துக் கொல்வதில்லை. வதைபடாமல் போகட்டும் என்று முதலில் குளிர்ப்பெட்டியில் வைத்து மயங்க விடுகிறார்கள். பிறகு உறைய வைக்கும் அறைக்கு மாற்றுகிறார்கள். அந்த வீடுகளுக்கு விருந்து போகிறவர்கள், ஐஸ்கிரீம் தேடி அந்தப் பெட்டியைத் தாங்களாகவே திறக்காமல் இருப்பது நல்லது!