கவுன்சிலுக்கும் ஒரு தவணை வேண்டும்

கவுன்சில் வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று முறையிட்டால், இத்தனை நாளுக்குள் பதில் தந்தே ஆக வேண்டும். அதே கவுன்சில் குப்பையைக் கிழமைக்கணக்கில் எடுக்காமல் விட்டாலோ, விசேட தேவையுள்ள பிள்ளையின் கல்வித் திட்டத்தை இழுத்தடித்தாலோ, பதிலுக்கான தவணை வெறும் ஆலோசனைதான். இங்கிலாந்தின் இன்றைய நிலை இது.

வீட்டு வாடகையாளரின் முறைப்பாடுகளைக் கவனிக்கும் ஒம்புட்ஸ்மன் வகுத்த விதிக்கோவை 2024 ஏப்ரல் 1 முதல் சட்டபூர்வமானது. ஏனைய கவுன்சில் சேவைகளை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனும் அவ்வாண்டு பெப்ரவரியில் ஒரு விதிக்கோவையை வெளியிட்டார். முறைப்பாடு கிடைத்ததை 5 வேலைநாளில் அறிவிக்க வேண்டும். அதிலிருந்து 10 வேலைநாளில் முதற்கட்டப் பதில். மேன்முறையீட்டுக்கு 20 வேலைநாள். நல்ல ஏற்பாடு. பின்னால் சட்டம் மட்டும் இல்லை.

இது சின்ன விடயமல்ல. கவுன்சிலின் இரண்டு கட்டங்களும் முடியும்வரை ஒம்புட்ஸ்மன் பொதுவாகக் கோப்பைத் திறப்பதில்லை. பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் அவரிடம் போகவும் வேண்டும். கவுன்சிலே தாமதப்படுத்தியிருந்தால் அவர் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அது அவர் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. பதில் எழுதாமல் இருப்பதே கவுன்சிலுக்கு லாபமாகும் ஏற்பாட்டை எப்படி நியாயம் என்பது?

1974இல் இந்தப் பதவி உருவானபோது கவுன்சிலர் வழியாகத்தான் முறையிட முடிந்தது. அந்தக் கட்டாயம் 1988இல் நீங்கியது. நம்மவரில் பலர் இன்னும் தேர்தல் காலத்தில் கோயில் வாசலில் கைகூப்பி நின்ற கவுன்சிலரைத்தான் தேடிப் போகிறார்கள். போகட்டும், தவறில்லை. ஆனால் அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி முறைப்பாடாகப் பதிவாகும் என்று நம்பியிருக்கக் கூடாது.

கவுன்சிலின் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக ஒம்புட்ஸ்மன் அதை மாற்ற மாட்டார். முடிவெடுத்த முறையில் பிழை உண்டா, அதனால் உங்களுக்குப் பாதிப்பு உண்டா என்று பார்ப்பார். பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய கற்பித்தல் தவறியிருந்தால், பாடசாலைத் தவணை ஒன்றுக்கு 900 முதல் 2,400 பவுண் வரை கொடுக்கச் சொல்வது அவரது வழிகாட்டி நெறி. சேவை இலவசம், சட்டத்தரணி தேவையில்லை. அவர் சொல்வது பரிந்துரை மட்டுமே என்றாலும் கவுன்சில்கள் பெரும்பாலும் பணிந்துவிடுகின்றன. பகிரங்க அறிக்கை வந்தால் அதைப் பத்திரிகையில் விளம்பரப்படுத்த வேண்டுமே!

காசில்லை, ஆளில்லை என்று கவுன்சில்கள் சொல்வது பொய்யல்ல. பர்மிங்காம் கவுன்சில் 2023இல் கையை விரித்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் 2023-24இல் ஒம்புட்ஸ்மன் முழுமையாக விசாரித்தவற்றில் பத்தில் எட்டு, கவுன்சில் பக்கப் பிழை என்றே முடிந்தன. முதற் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டு தீர்த்திருக்கக்கூடிய பலவற்றை மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் நட்டஈடும் கொடுப்பதா சிக்கனம்?

உள்ளூராட்சி விதிக்கோவைக்கும் பாராளுமன்றம் சட்ட பலம் கொடுக்க வேண்டும். அதுவரை வாசகர்கள் எழுத்தில் முறையிடட்டும். 'முதற்கட்ட முறைப்பாடு' என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டு, திகதி போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளட்டும்.