நெய்தவன் பெயர் என்ன?

துணி வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் துணியைப் பார்ப்பதில்லை. அதில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் அட்டையைத்தான் படிக்கிறார்கள். 'கையால் நெய்தது', 'இயற்கைச் சாயம்', 'பூமிக்குத் தீங்கு செய்யாதது' என்றெல்லாம் அதில் அச்சிட்டிருக்கிறது. படித்ததும் கங்கையில் முழுகி எழுந்த மாதிரி ஒரு திருப்தி நமக்கு உண்டாகிறது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்தப் புண்ணியத்தில் துணியை நெய்தவனுக்கு என்ன பங்கு என்று கேட்பதுதான் என் நோக்கம். கேள்வி சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் இந்த மாதிரிக் கடைகள் பெருகியிருக்கின்றன. கோவளத்தில் ஒரு கடையில் எனக்கு ஒரு பருத்திப் புடவையை விரித்துக் காட்டினார்கள். அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. அழகான புடவை, பொய் சொல்லக் கூடாது.

"இதை நெய்தவர் யாரம்மா?" என்று கேட்டேன்.

கடையிலிருந்த பெண் மரியாதையாக ஓர் அம்மாளின் பெயரைச் சொன்னாள்.

"அவரே தறியில் உட்கார்ந்து நெய்கிறாரா?"

"இல்லே சார், அவங்க டிசைனர். புடவையெல்லாம் கிராமத்திலே நெஞ்சு வரும்."

நெய்து வருமாம்! மழை பெய்வது போல, புல் முளைப்பது போல, புடவை தானாக நெய்து வருமாம்! அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் நம் காலத்துக் கைத்தொழில் பக்தி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிக் கிடக்கிறது.

அதாவது, மேஜைமேல் காகிதத்தை வைத்துக் கோடு போட்டால் அது கலை. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து அதே கோட்டை நூலில் கொண்டுவந்தால் அது கூலி வேலை. முதலாவது தலையின் காரியம். இரண்டாவது வெறும் கையின் காரியம். இது பொய். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது பொய் என்று தெரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. நெசவாளியோடு இன்னோர் ஆளும் உட்கார்ந்து பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். ஒரு நாடா பிசகினால் இணைப்பில் பல் தெரியும். எந்த இழை எவ்வளவு இறுக்கம் தாங்கும், எந்த நிறம் ஊடையில் போனால் மங்கும், காகிதத்தில் அழகாயிருந்த பூ நூலில் ஏன் கோணும் என்பதையெல்லாம் அவன் தீர்மானிக்கிறான். தீர்மானம் செய்வது தலையில்லாமல் வேறு எது?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பத்திரிகாசிரியர் என்னைக் கூப்பிட்டு, 'ஒரு விதவை, ஒரு குளம், ஒரு பழைய வழக்கு, இவற்றை வைத்து ஒரு நாவல் எழுதும்' என்று சொல்லுகிறார். நான் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். அவர் அட்டையில் தம் பெயரைப் போட்டுக்கொண்டு, உள்ளே 'கிராமத்தில் கையால் எழுதியது' என்று அச்சிடுகிறார். ஊர் சிரிக்காதா? எழுத்தாளனுக்கு நடந்தால் மோசடி என்று சொல்வதை நெசவாளிக்கு நடந்தால் ஆதரவு என்கிறோம்.

பழைய கதையையும் கொஞ்சம் பார்ப்போம். இதே கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள் துறை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். கப்பலேறி இவ்வளவு தூரம் இவர்கள் வந்தது கடற்காற்று வாங்குவதற்கா? சோழமண்டலக் கரையின் துணிக்காக வந்தார்கள். இந்தத் துணி புகுந்தால் தங்கள் தொழில் பாழாகும் என்று பயந்து இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுத்தது. சென்னையில் ஆங்கிலேயர்கள் 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டைதான் சின்னத் தறிப் பேட்டை. சிந்தாதிரிப்பேட்டை என்று இன்று சொல்லுகிறோம். பெயரில் இருக்கிற தறியைத் தெருவில் தேடினால் ஏமாற வேண்டியதுதான்.

அந்தக் காலத்து நெசவாளிக்கு ஓர் உரிமை இருந்தது. முன்பணம் வாங்கியிருந்தாலும், பேச்சு ஒத்துவராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போய்விடலாம். கம்பெனியின் கை ஓங்கிய பிறகு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த உரிமை பறிபோயிற்று. பேரம் பேசுகிறவனாக இருந்தவன் கூலிக்காரன் ஆனான். கைத்தொழில் நலிந்தது யந்திரத்தால் மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கோவளத்துக்குச் சற்று வடக்கே முட்டுக்காட்டில், 1996இல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டை அங்கே பார்க்கலாம். அவ்வளவு சிரத்தையோடு அதை அமைத்தவர்களுக்கு என் நமஸ்காரம். ஆனாலும் அந்தத் திண்ணையில் உட்காரும்போது மனம் ஒரு கேள்வி கேட்கிறது: வீட்டுக்குக் காட்சிசாலையில் இடம் கிடைத்துவிட்டது, அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தறியில் இடம் இருக்கிறதா? 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில், இந்தியாவில் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகத் தெரிய வந்தது. ஒரு நல்ல புடவையின் விலை அதைவிட அதிகம். அப்பன் மாதம் முழுவதும் உழைத்தும் தான் நெய்கிற புடவையைத் தானே வாங்க முடியாத தொழிலை எந்தப் பிள்ளை தேடி வருவான்?

மறுப்புச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். 'டிசைனர் இல்லாவிட்டால் இந்தத் துணியை யார் வாங்குவார்கள்? சந்தையை உண்டாக்கியதே அவர்கள்தானே?' என்கிறார்கள். உண்மைதான், அவர்கள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 1956 முதல் அரசாங்கம் நெசவாளர் சேவை மையங்களை ஏற்படுத்தி, ஓவியர்களையும் நெசவாளிகளையும் ஒன்றுசேர்த்தது. கே. ஜி. சுப்ரமணியன் போன்ற பெரிய ஓவியர் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்திருக்கிறார். ஓவியன் தறியண்டை போய் உட்கார்வது நல்ல காரியம். தறியை மறைத்துக்கொண்டு முன்னால் நிற்பதுதான் கெட்ட காரியம்.

'கூலியை உயர்த்தினால் விலை ஏறும். வாங்க ஆளிராது' என்பது இன்னொரு மறுப்பு. விலை ஏற்கெனவே ஏறித்தான் கிடக்கிறது, ஐயா! கண்ணாடி அலமாரிக்கும் கடல் தெரிகிற ஜன்னலுக்கும் கொடுக்க மனம் வருகிற நமக்கு, தறிக்குக் கொடுக்கும்போது மட்டும் பொருளாதாரம் ஞாபகம் வருகிறது. அவுரிச் சாயம் ஆற்றைக் கெடுக்காமல் இருக்கலாம், சந்தோஷம். ஆற்றைக் காப்பாற்றிவிட்டு ஆளைக் கைவிட்டால் அது என்ன தர்மம்? நிலைத்து நிற்கிற தொழில் என்று வாய் நிறையச் சொல்லுகிறார்கள். முதலில் நிலைக்க வேண்டியது நெய்கிறவனின் குடித்தனம்.

வழி தெரியாமல் நான் கத்தவில்லை. வழி அதே சாலையிலேயே இருக்கிறது. 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய தோழர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பாட்டிக் முதலான கைவேலைகளைத் தாங்களே செய்து விற்று, அந்த வருவாயில் காலூன்றினார்கள். செய்தவனுக்குப் பெயர் இருந்தது, நிலம் இருந்தது, விற்ற பணத்தில் பங்கு இருந்தது. அந்தக் கிராமம் இன்றும் நிற்கிறது. ஓவியனுக்கு நியாயமாக இருப்பது நெசவாளிக்கு மட்டும் எப்படி அதிகப்படியாகும்?

2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்தது என்று சொல்லுகிறது. யார் கை என்று சொல்லவில்லை. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், சில புடவைகளில் நெய்தவரின் பெயரையும் படத்தையும் அட்டையில் போட்டு விற்றிருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தால் முடிந்தது, கடற்கரைக் கடைகளால் முடியாதா? பெயரோடு அவருக்குக் கொடுத்த கூலியையும் போடட்டும். தார் சுற்றிக் கொடுத்த மனைவியின் பெயரையும் சேர்த்துப் போடட்டும். கைத்தறியில் பாடுபடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நெசவாளிகளே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

கடைக்காரர் தாமாக இதைச் செய்வாரென்று நான் நம்பவில்லை. வாங்குகிறவர்கள் கேட்டால் செய்வார். சாயம் போகுமா, எத்தனை முழம், தள்ளுபடி உண்டா என்று கேட்கத் தெரிந்த நமக்கு இன்னும் இரண்டு கேள்வி கேட்பது பாரமில்லை. நெய்தவர் யார்? அவருக்கு என்ன கொடுத்தீர்கள்? பதில் வரவில்லையென்றால் புடவையை மடித்து வைத்துவிட்டு வெளியே வாருங்கள். பத்துப் பேர் அப்படி வந்தால், பதினோராவது ஆள் போகும்போது அட்டையில் பெயர் இருக்கும்.