அனுப்ப ஒரு ஃபைல், வைக்க ஒரு ஃபைல்

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் ஃபேர்வெல். சீனியர்ஸுக்காக பதினோரு நிமிஷ வீடியோ ஒன்று செய்தோம். மூணு வாரம் ஷூட், ஒரு வாரம் எடிட். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எடிட்டர் நண்பன் ஹாஸ்டல் ரூமில் இருந்து கத்தினான்: "மச்சி, 4கே-ல போட்டுட்டேன், பக்கா குவாலிட்டி!"

காலையில் பென்டிரைவில் காப்பி பண்ணப் போனால் ஏறவில்லை. ஃபைல் 5 ஜிபி. பென்டிரைவில் 20 ஜிபி காலி. ஆனாலும் "ஃபைல் ரொம்பப் பெருசு" என்றே வந்தது. பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தது. அதில் தனி ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்தப் பதற்றத்தில் இதெல்லாம் யாருக்குத் தோணும்? "குரூப்ல அனுப்புடா, ஹால் லேப்டாப்ல டவுன்லோட் பண்ணிக்கலாம்" என்றார் ஒரு அண்ணா. ஒரு சாட் ஆப்பில் வீடியோவை அனுப்பினோம். அது சுருக்கிக் கொடுத்ததை அத்தனை பெரிய திரையில் போட்டோம். முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அடுத்த வாரம் லேப்டாப்பில் இடம் இல்லை என்று நண்பன் அந்த 5 ஜிபி ஃபைலையும் ப்ராஜெக்ட்டையும் அழித்துவிட்டான். இன்று எங்களிடம் மிச்சம் இருப்பது அந்தக் கட்டம் கட்டமான காப்பி மட்டும்தான்.

நான் சொல்ல வருவது இதுதான். நாம் வாரக்கணக்கில் எடிட் பண்ணுகிறோம், எக்ஸ்போர்ட்டுக்கு முப்பது செகண்ட்கூட யோசிப்பதில்லை. "இருக்கிறதுலயே பெரிய நம்பர் எதுவோ அதைப் போடு" என்பதைத்தான் குவாலிட்டி என்று நினைக்கிறோம். அது தப்பு. யார், எதில், எங்கே பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். எம்பி4 என்பது வெறும் டிபன் பாக்ஸ். உள்ளே இட்லியா சப்பாத்தியா என்பதைச் சொல்வது கோடெக். ரெண்டு ஃபைலும் எம்பி4-தான், ஒன்று ஓடுது, இன்னொன்று சத்தம் மட்டும் வருது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். எச்.264 வந்தது 2003-ல். இன்று ஏறக்குறைய எல்லா போனிலும் லேப்டாப்பிலும் ஓடும். எச்.265 வந்தது 2013-ல். அதே தரத்தைக் கிட்டத்தட்ட பாதி சைஸில் தரும். ஐபோன்கள் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இதில்தான் ரெக்கார்ட் பண்ண ஆரம்பித்தன. ஆனால் செமினார் ஹாலில் இருக்கும் பழைய லேப்டாப் அதைத் திணறித் திணறித்தான் ஓட்டும், சில சமயம் ஓட்டவே ஓட்டாது. அதனால் ஹாலில் போடுவதற்கு எச்.264, 1080பி போதும். நம்ம காலேஜ் ப்ரொஜெக்டர் பலதும் 1080பி-யைத் தாண்டிக் காட்டாது. அதற்கு 4கே கொடுப்பது தம்ளருக்குள் குடத்தைக் கவிழ்க்கிற வேலை.

அடுத்தது பிட்ரேட். கணக்கு ரொம்ப சிம்பிள்: பிட்ரேட்டை செகண்டால் பெருக்கி எட்டால் வகுத்தால் சைஸ். செகண்டுக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு நிமிஷத்துக்கு 60 எம்பி. பதினோரு நிமிஷத்துக்கு 660 எம்பி. 30 ஃப்ரேம் 1080பி வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பதும் அந்த 8 மெகாபிட்தான், 60 ஃப்ரேம் என்றால் 12. எங்கள் ஃபைல் இந்தக் கணக்கில் இருந்திருந்தால் அதே பென்டிரைவில் ஜம்முனு ஏறியிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. கல்ச்சுரல்ஸ் மேடையில் புகை, பளிச் பளிச் லைட், பறக்கும் கலர் பேப்பர் எல்லாம் இருந்தால் என்கோடர் திண்டாடும். அங்கே பிட்ரேட்டைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

"1080-ல எடுத்ததையே 4கே-ஆ ஏத்தினா யூடியூப்ல நல்லாத் தெரியுது ப்ரோ" என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. பெரிய ரெசல்யூஷனுக்கு அந்தத் தளம் அதிக பிட்ரேட் ஒதுக்கும். ஆனால் அது அந்த ஒரு இடத்துக்கான தந்திரம். கேமரா பிடிக்காத விவரம் எதுவும் அதனால் புதிதாக வந்துவிடாது. ஹாலுக்கும் அது உதவாது.

ரீல்ஸ் கதை வேறு. அங்கே 1080க்கு 1920, நின்ற வாக்கில். படுத்த வாக்கில் எடுத்த வீடியோவை அப்படியே வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. குரூப் ஷாட்டில் ஓரமாக நிற்பவர்கள் காணாமல் போவார்கள். எப்பவும் ஓரத்தில் நிற்கிற ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும். ரீல் வேண்டும் என்றால் அதைத் தனியாக எடிட் பண்ணுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது மாஸ்டர் ஃபைல். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் போகும், போனது திரும்ப வராது. அதனால் எந்த வீடியோவுக்கும் ரெண்டு எக்ஸ்போர்ட் வேண்டும். ஒன்று எடுத்த ரெசல்யூஷனிலேயே, அதிக பிட்ரேட்டில், வைத்துக்கொள்ள. மற்றது இடத்துக்கு ஏற்ற மாதிரி, அனுப்ப. நேரம் இல்லை என்பீர்கள். எக்ஸ்போர்ட்டை ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம், நீங்கள் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. இடம் இல்லை என்பது நியாயமான பிரச்சினை. அதற்கு ஒருத்தன் லேப்டாப்பை நம்பக் கூடாது. டிபார்ட்மென்ட் அசோசியேஷன் ஃபண்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அடுத்த செக்ரட்டரியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். பேனருக்குச் செலவு பண்ணுகிறோமே, இதற்குப் பண்ண முடியாதா?

அந்த வீடியோவில் எங்க கேன்டீன் அண்ணா ஒரு நிமிஷம் பேசுவார். "எங்க போனாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கப்பா" என்பார். இந்த வருஷம் அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். சீனியர் அக்கா ஒருத்தங்க அந்த கிளிப் மட்டும் வேணும்னு கேட்டாங்க. அனுப்பினேன். "தெளிவா இருக்கிறது இல்லையா தம்பி?" என்று கேட்டாங்க. இல்லை.

இந்த வருஷம் எடிட் டேபிளில் உட்காரப்போகும் ஜூனியர்ஸ், முந்தின நாளே ஹால் லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்க. மாஸ்டரை ரெண்டு இடத்தில் வைங்க. அப்புறம் தூங்கப் போங்க.