பொதுவா எப்போ எழுதப் போறீங்க?

2021 கொரோனா நாட்களில் ஒரு பொது நூலகம் தலித் பெண் நாவலாசிரியர் ஒருவரோடு இணையவழிக் கலந்துரையாடல் நடத்தியது. வங்கியில் கணக்கை முடித்துவிட்டு வரும் வழியில், வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி செல்போனில் கேட்டேன். வீட்டுக்குப் போனால் போன் பிள்ளை கைக்குப் போய்விடும்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். நாவலைப் பற்றித்தான் பேசவில்லை. 'இதெல்லாம் உங்களுக்கே நடந்ததா?' என்றார் ஒருவர். 'இப்பவும் கிராமத்துல இப்படி இருக்கா?' என்றார் இன்னொருவர் (அவர் எந்த நாட்டில் குடியிருக்கிறாரோ). கடைசியாக ஒரு பேராசிரியர்: 'உங்க மக்களோட வலியை நல்லா எழுதிட்டீங்க. பொதுவா எப்போ எழுதப் போறீங்க?'

அக்கா சிரித்தார். தண்ணீர் குடித்தார். 'முயற்சி பண்றேங்க சார்' என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அது என்ன பொது? தோழர்களே, இந்தச் சொல்லை உரித்துப் பார்க்கத்தான் வேண்டும். பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு. எதில் நாம் இருந்தோம்? 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உண்டு என்று அரசாங்கம் வாய் திறந்தது. 1927இல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிய மகாத் சவுதார் குளமும் பொதுக்குளம்தான். எல்லோருக்கும் திறந்தாச்சு என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்த குளம். ஊர் தனக்கென்று வைத்துக்கொண்டதற்கெல்லாம் பொது என்று பெயர் சூட்டிக்கொண்டது. இலக்கியத்திலும் அதே கதை. அக்கிரகாரத்தை எழுதினால் மனித மனத்தின் ஆழம், சம்சாரியை எழுதினால் மண்வாசனை, சேரியை எழுதினால் மட்டும் 'உங்க மக்கள்'.

கேட்ட இடமும் பொது நூலகம். 1948 நூலகச் சட்டத்தால் வந்தது நூலக வரி. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வரை ஏறியது. எங்கப்பா கட்டிய ரசீதுகள் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. நூலக வரிக்கு நேரே சில்லறைத் தொகை. அவருக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. நூலகமோ ஊர்த்தெருவில் இருந்தது. பன்னிரண்டு வயதில் உறுப்பினராகப் போனேன். படிவத்தில் 'காலனி' என்று இருந்ததைப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். 'புக்கு பேரைச் சொல்லு, நானே எடுத்துத் தரேன். அலமாரில கை வைக்காத.' பேர் தெரிந்தால் நான் ஏன் நூலகத்துக்குப் போகிறேன்? அலமாரியைத் துழாவிப் புத்தகம் எடுக்கிற சந்தோஷம் கல்லூரியில்தான் கிடைத்தது.

டோனி மாரிசன் சிறுமியாக இருந்தபோது ஒஹையோவில் தன் ஊரான லொரைனின் பொது நூலகத்தில் வேலை பார்த்தவர். 1993இல் நோபல் வாங்கினார். 1998இல் ஓர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரிடமும் இதே கேள்வி: வெள்ளையரைப் பற்றி விரிவாக எழுத மாட்டீர்களா? அந்தக் கேள்வியில் எவ்வளவு நிறவெறி இருக்கிறது என்பது உங்களுக்கே புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். வெள்ளை எழுத்தாளரிடம் கறுப்பரைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று கேட்பீர்களா என்றும் மடக்கினார்.

நம்ம அக்காவும் அப்படி ஒரு போடு போட்டிருக்கக் கூடாதா என்று வீடுவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரம், 'எந்தக் கோட்டா தம்பி?' என்று கேட்டவரிடம் பல்லைக் காட்டியவன்தானே நானும்.

இனிமேல் இப்படிக் கூட்டம் போடுகிற நூலகங்கள் காலனி சமுதாயக் கூடத்திலும் ஒரு திரை கட்டட்டும். தயவு ஒன்றும் வேண்டாம், வரி கட்டியிருக்கிறோம்.

அன்று நானும் ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். கிழவி பேசுகிற அத்தியாயத்தில் மட்டும் ஏன் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை, எங்க ஆயா மூச்சு விடாமல் பேசுவது போலிருந்ததே என்று. நேரமில்லை என்று வாசிக்கவில்லை. முகவரி தேடி அக்காவுக்குக் கடிதமாகவே எழுதினேன். பதில் நாலு பக்கம் வந்தது. அதில் இரண்டரைப் பக்கம் அந்த முற்றுப்புள்ளியைப் பற்றி.