பி0335 வந்தால் சென்சாரை மாற்றிவிடலாமா?

போடியில் இருந்து போடிமெட்டு ஏறும்போது, பாதி மலையில், கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றால் எப்படி இருக்கும் என்று ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்!

எங்க சொந்தக்கார அண்ணன் வண்டிக்கு இதே கதைதான். ஸ்கேனர் மாட்டினார்கள். பி0335. கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். மறுவாரமும் நின்றது. இன்னொரு சென்சார்! கடைசியில் பார்த்தால், எக்ஸாஸ்ட் பைப் சூட்டில் வெந்துபோன ஒயர்.

என் கோபம் இதுதான். அந்தக் கோடு 'கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு' என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமா? ஒயர், கனெக்டர், எர்த், ஈசிஎம் எல்லாம் சேர்ந்ததுதானே? கோடு என்பது வெறும் எஃப்.ஐ.ஆர். அதை வைத்தே தூக்கில் போட்டால் எப்படி?

விசாரணைக்குத்தான் ஆசிலோஸ்கோப் இருக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தது, நாம் ப்ளஸ் டூவில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினது, அதுதான் விஷயம். காந்தமும் காயிலும் உள்ள சென்சார் முன்னால் பல்சக்கரம் சுற்றினால் மின் அலை வரும். பல வண்டிகளில் 60 பல்லுக்கான இடத்தில் 58 பல்தான் இருக்கும். அந்த 2 பல் இடைவெளியை அடையாளம் வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஈசிஎம் கணக்குப் போடுகிறது.

இப்போ அலையைப் பாருங்க. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் குட்டையா? அந்தப் பல் அடிபட்டிருக்கு. ஒரு சுற்றுக்குள்ளேயே பெருத்து இளைக்கிறதா? சக்கரம் கோணல். சென்சார் முனையில் நல்ல அலை, ஈசிஎம் முனையில் விட்டுவிட்டு வருதா? குற்றவாளி ஒயர். ஹால் சென்சார் என்றால் சதுர அலை வரணும். அது பூஜ்யம் பக்கத்தில் இறங்கவில்லையா? முதலில் எர்த்தைப் பாருங்க.

'மல்டிமீட்டர் போதாதா?' என்பார்கள். ஆறின வண்டியில் காயில் ரெசிஸ்டன்ஸ் சரியாகவே காட்டும். உடைந்த ஒற்றைப் பல்லை அது காட்டவே காட்டாது. 'ஸ்கோப் விலை அதிகமாச்சே?' கையடக்க ஸ்கோப் சில ஆயிரத்துக்கே கிடைக்கிறது. அந்த அண்ணன் வீணாக வாங்கின இரண்டு சென்சாருக்கு என்ன விலை, மலையில் போன இரண்டு நாள் சம்பாத்தியத்துக்கு என்ன விலை?

மெக்கானிக் அண்ணன்களை மட்டும் திட்டி என்ன பண்ண? 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு பெரும்பாலான பைக்கிலேயே இன்ஜெக்‌ஷன்தான், கிராங்க் சென்சார்தான். நம்ம லேபிலோ ஸ்கோப் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பிராக்டிகல் அன்றைக்கு சைன் வேவ் காட்டிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும் :)

மக்கா, அந்தத் துணியை எடுங்க. முதலில் நன்றாக ஓடுகிற வண்டியில் மாட்டி அலையைச் சேமித்து வைங்க. நல்லது எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குக் கெட்டது கண்ணில் படாது.