டி.சி.யில் 'நன்று' என்று எழுதினோம்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

கல்லூரி விடுதி ஒன்றில் பதினொரு ஆண்டுகள் துணைக்காப்பாளராக இருந்தவன் நான். கஞ்சாவோடும் மதுவோடும் பிடிபடும் மாணவர்களை என்ன செய்கிறோம் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன், செய்தவனும்கூட.

இரண்டாமாண்டு மாணவன் ஒருவனின் அலமாரியில் ஒருநாள் கஞ்சாப் பொட்டலம் கிடைத்தது. தகவல் கேட்டு அவன் அப்பா இரவுப் பேருந்து பிடித்து வந்தார். முதல்வர் அறையில் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. "போலீசுக்குப் போகக் கூடாதென்றால் நீங்களாகவே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்றோம். வெள்ளைத்தாளை நீட்டி, எழுத வேண்டிய வாசகத்தையும் நானே சொன்னேன்: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனால் படிப்பைத் தொடர இயலவில்லை.' எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தி, "சூழ்நிலைக்கு, மழைக்கு வர்ற 'ழ'தானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிற்பகலில் டி.சி. தயார். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று போட்டிருந்தோம்.

எவ்வளவு நாளாகப் பழக்கம், எதனால் தொடங்கியது, விட நினைக்கிறாயா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. விசாரணைக் குழு கூடவில்லை. மருத்துவர் பார்க்கவில்லை. அவனுக்கு விற்றது யார் என்று தேடவும் இல்லை. கல்லூரியின் பெயர் வெளியே வராமல் காப்பாற்றினோம், அவ்வளவுதான். பிறகு இரண்டு முறை அந்த அப்பாவின் எண்ணுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை.

சட்டம் இவ்வளவு இரக்கமற்றதாக இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோய் என்றே சொல்கிறது. மாணவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பதை, தேர்வு முறைகேடு தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1962லேயே சொல்லிவிட்டது. நாங்கள் அந்தப் பையனைச் சட்டத்திடமிருந்து காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் சட்டம் அவனுக்குக் கொடுத்திருக்கக்கூடிய வாய்ப்பையும் சேர்த்தே பறித்தோம்.

இப்படி ஒருவனை அனுப்பினால் மற்றவர்கள் பயந்து திருந்துவார்கள் என்பார்கள். பயந்தார்கள், உண்மைதான். அதே விடுதியில் ஒரு பிறந்தநாள் இரவு, அளவுக்கு மீறிக் குடித்த மாணவன் மயங்கி விழுந்தான். அறை நண்பர்கள் கதவைத் தாழிட்டு, வாயில் எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. 108-ஐ அழைத்தால் விஷயம் வெளியே தெரியும், எல்லாருக்கும் டி.சி. கிழியும். விடியற்காலை நான்கு மணிக்கு, உதடு நீலம் பூத்த பிறகு என் கதவைத் தட்டினார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் மூன்று மணி நேரம் அந்த அறைக்குள் அவனைக் கிடத்தி வைத்தது நாங்கள் விதைத்த பயம்தான்.

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று மாணவர்களை வரிசையில் நிறுத்திப் போதை எதிர்ப்பு உறுதிமொழி வாங்குகிறோம். அந்த வரிசையில் ஏற்கெனவே பழக்கத்தில் மாட்டிக்கொண்டவனும் கைநீட்டி நிற்கிறான். அடுத்து அவன் யாரிடம் போய்ப் பேசுவது?

விற்பவனுக்காக நான் பரிந்து பேசவில்லை. அவனைக் காவல்துறையிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும். தன் பிள்ளையின் அறையில் கஞ்சா புகையக் கூடாது என்று கேட்கும் பெற்றோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அறையை மாற்றுங்கள், சில மாதம் விடுதியை விட்டு அனுப்புங்கள். வகுப்பையும் தேர்வையும் ஏன் பறிக்க வேண்டும்? தினமும் போய் உட்கார ஒரு பெஞ்சு இருப்பதே அந்த வயதில் பாதி மருந்து.

தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பயன்படுத்திப் பிடிபட்டவனை, எழுத்து மூலம் விசாரணை நடத்தாமல் எந்தக் கல்லூரியும் வெளியேற்றக் கூடாது. 'சொந்த விருப்பம்' என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவதையும் வெளியேற்றமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். முதல் முறை சிக்கியவனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குறிப்பு மருத்துவரிடமே இருக்கட்டும், கல்லூரிக் கோப்புக்கு வர வேண்டாம். ஆபத்தில் இருக்கும் நண்பனுக்காக உதவி கேட்டு ஓடிவரும் மாணவன் மீதும், அந்த நண்பன் மீதும், அன்றிரவு குடித்ததற்காக நடவடிக்கை கூடாது. இவற்றில் ஒன்றுதான் முடியும் என்றால், இந்தக் கடைசிக் கோரிக்கையை முதலில் செய்யுங்கள்.

ஜூன் மாதத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டால், சேர்க்கையன்று மாணவர்களிடம் கையெழுத்து வாங்கும் படிவத்திலேயே அதைச் சேர்த்துவிடலாம். கூடவே 108, மனநல உதவிக்கான டெலி மானஸின் 14416 என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விடுதித் துணைக்காப்பாளர் ஒருவர்